லில்லிபாய் பிடித்து நிறுத்திய சாயங்காலம்

எங்கள் ஊரில் ஒரு வருஷம் டிசம்பர் இருபத்துநாலாம் தேதிச் சாயங்காலம் மூன்று நாள் இருந்தது. எங்கள் பூவரசவிளைக்காரர்களிடம் கேட்டால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பார்கள். சானல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலக்கரைக்காரர்களிடம் கேட்டால், பொறாமையில், “அன்னைக்கு மேகம் போட்டிருந்திருக்கும்” என்று ஏதாவது உளறுவார்கள். அவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். என் பெயர் ஹெலன்பாய். அப்போது எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எல்லாவற்றையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தவள். பார்த்தது மட்டுமில்லை, நடந்த குளறுபடியில் பாதிக்கு நான்தான் காரணம். மறைத்து என்ன பிரயோஜனம், ஊருக்கே தெரிந்த விஷயம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆண்கள் ஸ்டார் கட்டுவார்கள், பெண்கள் மற்ற எல்லாவற்றையும் செய்வார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிப்பதும், அடித்தவன் தரையில் சிந்திய சுண்ணாம்பைச் சுரண்டுவதும், பயறு வறுத்துப் பொடித்து முந்திரிக்கொத்துக்கு உருட்டுவதும், அச்சுமுறுக்கு அச்சில் ஒட்டாமல் விழ ஜெபம் செய்வதும், கேக் மாவைக் குழைத்து பேக்கரி அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அங்கே நாற்பது பேருக்குப் பின்னால் நிற்பதும், கேரல் பாட வருகிற கூட்டத்துக்குச் சுக்குக்காப்பி போடுவதும், பலகாரத்தைப் பங்கு வைத்து மேலக்கரையில் இருக்கிற சிநேகிதக்காரர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதும், இதற்கு நடுவில், “நமக்கு ஒரு ஆண்டவர் பிறந்திருக்காரு, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?” என்று வீட்டுக்காரர் கேட்டால் கரண்டியை அவர் மேல் எறியாமல் இருப்பதும் பெண்கள் வேலை. ஆனாலும் சொல்கிறேன், இருபத்தைந்தாம் தேதி விடியற்காலை ஆராதனைக்குப் புதுச்சேலை உடுத்திக் கோயில் வாசலில் வந்து நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் பத்து மடங்கு வேலை செய்யவும் நாங்கள் தயார். அந்தச் சந்தோஷம் அப்படி.

அந்தப் புதுச்சேலைக்கு ஜாக்கெட் வேண்டுமே. ஊருக்கெல்லாம் ஒரே டெய்லர், லில்லிபாய். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார், கிறிஸ்மஸுக்கு வீடியோ காலில்தான் வருவார். ஒரே மகள் ஜெபஷீலா, காலேஜில் முதல் வருஷம். கோயிலுக்கு எதிரே ஓடு போட்ட ஒற்றை அறையில் லில்லிபாயின் மெஷின் ஓடும். பத்தொன்பது வருஷமாக அவள் யாருடைய துணியையும் திருப்பி அனுப்பியதில்லை, சொன்ன வாக்குத் தவறியதில்லை. “ஆராதனைக்கு முந்தித் தாறேன்” என்றால் தந்தே தீருவாள். அதற்காக அவள் என்ன கொடுத்தாள் என்று நாங்கள் யோசித்ததில்லை. பத்தொன்பது கிறிஸ்மஸும் கடைசி ஜாக்கெட்டுக்குக் கடைசிக் கொக்கி தைத்துக் கொடுத்துவிட்டு, ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லுகிற நேரத்தில் பழைய கறுப்பு ஜாக்கெட்டோடு வந்து, கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று தூங்கி வழிந்துவிட்டுப் போவாள். நாங்கள் உள்ளே அவள் தைத்ததை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் பாடகர் குழுவில் ஜெபஷீலாவுக்கு இரண்டாம் சரணத்தைத் தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். அவள் அம்மாவிடம் வந்து சொன்னாளாம்: “அம்மா, நான் பொறந்ததில இருந்து கிறிஸ்மஸுக்கு நீ கோயிலுக்க உள்ள இருந்து நான் பாத்ததில்ல. இந்த வருஷம் நீ முன் பெஞ்சில இருக்கணும். நீ இல்லேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.” லில்லிபாய், “இருப்பேன் மக்களே” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே கலர் சேலை உடுத்த வேண்டும் என்பது அதற்கு முந்தின வருஷம் நான் கொண்டுவந்த ஏற்பாடு. அப்போது நீலம். இந்தத் தடவை வைன் கலரா மாம்பழ மஞ்சளா என்று நான் கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு இழுத்ததில் சேலை வந்து சேர டிசம்பர் இருபது ஆகிவிட்டது. லில்லிபாயையும் சேர்த்து ஐம்பத்தெட்டு பேர், ஐம்பத்தெட்டு வைன் கலர் சேலை, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு ஜாக்கெட் துணி. நாங்கள் ஐம்பத்தேழு பேரும் அதை வெட்டி லில்லிபாயிடம் கொண்டு கொடுத்தோம். அளவு ஜாக்கெட்டாக எதைக் கொடுத்தோம் தெரியுமா? முந்தின வருஷத்து நீல ஜாக்கெட்டை. ஐம்பத்தேழு பேரும். ஒரே துணி, ஒரே நிறம், ஒரே மாதிரிக் கழுத்து. ஒருத்திக்காவது வேறொரு ஜாக்கெட்டைக் கொடுப்போம் என்று தோன்றியிருக்கக் கூடாதா? இந்தப் புத்தி எங்கள் சங்கத்துக்கு மட்டும்தான் வரும்.

நான் துணியைக் கொடுக்கும்போது, “லில்லி, இந்த வருஷம் எனக்கு முழங்கை வரைக்கும் கை வேணும், கேட்டியா?” என்றேன். என் உடம்புக்கு அந்தத் துணி அக்குள் வரைக்குமே இழுத்துப் பிடித்தால்தான் வரும். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பாத்துக்கிடுதேன் மைனி” என்றாள்.

இருபத்திரண்டாம் தேதி பெய்த மழையில் கடையின் ஓடு ஒழுகி மூட்டைகள் எல்லாம் நனைந்துவிட்டன. ஒவ்வொரு அளவு ஜாக்கெட்டிலும் குத்தியிருந்த பெயர்ச்சீட்டு மை கரைந்து வெறும் காகிதமாகிவிட்டது. மறுநாள் காலையில் லில்லிபாய் எல்லாவற்றையும் பிழிந்து கோயில் மதில் நெடுகக் கயிறு கட்டிக் காயப்போட்டாள். ஐம்பத்தேழு நீல ஜாக்கெட்டுகள் காற்றில் ஆடின. நனைந்து சுருங்கியதில் அளவும் போய்விட்டது, எது யாருடையது என்றும் ஒருவருக்கும் தெரியாது. அவள் வழியே போனவர்களைக் கூப்பிட்டு, “இதில ஒனக்குள்ளது எது?” என்று கேட்டாள். போனவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றிலேயே ஒல்லியாக இருந்த ஒரு ஜாக்கெட்டைத்தான் காட்டினார்கள். நானும் அதைத்தான் காட்டினேன். என்ன செய்ய, நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நேர்ல வந்து நின்னு அளவு தந்திட்டுப் போங்க” என்று அவள் வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள். யாருக்கு நேரம்? எனக்கு அடுப்பில் எண்ணெய் காய்கிறது. இன்னொருத்திக்கு வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் ஓடிவிட்டான். “இப்ப வாறேன்னு சொல்லு” என்று எல்லோரும் சொன்னோம், ஒருத்தியும் போகவில்லை. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஐந்து பத்துக்கு, அளவில்லாத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த லில்லிபாய் வாயில் கடித்த ஊசியோடு வாசலில் வந்து நின்று, கோபுரத்துச் சிலுவைக்கு ஒரு சாண் மேலே இருந்த சூரியனைப் பார்த்து, “ஆண்டவரே, எனக்க வேல தீருதது வரைக்கும் அந்த வெயில அங்கேயே வச்சிரும்” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் அங்கேயே நின்றது.

முதலில் கண்டுபிடித்தது கோழிகள். கூட்டுக்குள் போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு என் வீட்டுக்காரர் சாம்ராஜ். பன்னிரண்டு அடி உயரத்தில் ஸ்டார் கட்டியிருந்தார், உள்ளே நாற்பது பல்பு. இருட்டினால் பார், இருட்டினால் பார் என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடிகாரம் ஏழு காட்டியது, எட்டு காட்டியது, வெயிலில் அந்த ஸ்டார் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசி பஸ் மேலக்கரையிலிருந்து ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்து, சானல் பாலம் தாண்டியதும் டிரைவர் லைட்டை அணைத்தார். இறங்கியவர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கண்டக்டர், “லேய், உங்க ஊருக்கு இன்னும் நேரமிருக்கு போல” என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எங்கள் போதகரிடம் போய்க் கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “வேதத்துல முன்ன ஒரு தடவ யுத்தம் முடியட்டும்னு சூரியன் நின்னுது. இப்பத் தையல் முடியட்டும்னு நிக்குது. ரெண்டும் ஒரே வேலதான்னு தோணுது” என்றார். விடியாமல் விடியற்காலை ஆராதனை வைக்க முடியாது, இருட்டாமல் விடியவும் முடியாது, ஆகவே காத்திருப்போம் என்று சபைக்கு அறிவிப்புக் கொடுத்தார். மேலக்கரைச் சபையில் அவர்கள் நேரத்துக்கு மணி அடித்தது எங்களுக்குக் கேட்டது. அவர்கள் ஆராதனை முடித்து, பிரியாணி தின்று, மீதியை அண்டாவில் வைத்து எங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே டீக்கடை வைத்திருக்கிற குமரேசண்ணன், “உங்க கிறிஸ்மஸ் எப்ப வருதோ அப்ப நான் பலகாரம் வாங்கிக்கிடுதேன், அவசரம் ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பினார். மனுஷன் தங்கம்.

இவ்வளவு நேரம் கூடக் கிடைத்ததே, பெண்கள் கொஞ்சம் காலை நீட்டினார்களா என்று கேளுங்கள். அட, நீங்கள் வேறு! நேரம் இருக்கிறதே என்று இன்னொரு படி மாவு இடித்தோம். அடித்த வெள்ளைக்கு மேல் இன்னொரு வெள்ளை அடித்தோம். பரணில் இருந்த, யாருமே பார்க்காத பித்தளைப் பானைகளை இறக்கித் தேய்த்தோம். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி ஒரு மணி நேரம் கண்ணை மூடுவோம், எழுந்தால் அதே ஐந்து பத்து வெயில், திரும்ப அடுப்பு. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. அச்சுமுறுக்கு வைக்கப் பாத்திரம் இல்லாமல் குடத்தில் போட்டு வைத்திருந்தேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சங்கத்துப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு லில்லிபாயைக் கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

“லில்லி, போதும் பிள்ளே. அந்தச் சூரியன விடு. நாங்க பழசையே உடுத்திக்கிடுதோம்” என்றேன்.

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பழச உடுத்திக்கிடுவீங்க. நான் எனக்க வாக்க என்ன செய்யட்டும் மைனி? ஒங்களுக்குத் துணி தாறேன்னு சொன்னேன். எனக்க பிள்ளகிட்ட முன் பெஞ்சில இருப்பேன்னு சொன்னேன். ரெண்டும் நடக்கணும். நான் ஒங்கள ஒண்ணும் பெரிசாக் கேக்கல்ல. வந்து நேர நில்லுங்க, கைய விரிங்க, அளவு தாங்க. ரெண்டு நிமிஷம். மூணு நாளா அந்த ரெண்டு நிமிஷத்துக்காக்கும் சூரியன் நிக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. அவளைச் சுற்றிப் பார்த்தேன். ஊகத்தில் வெட்டித் தைத்த பதினொரு ஜாக்கெட்டுகள் ஒரு பக்கம் தொங்கின. மீதித் துணி அப்படியே மடித்து இருந்தது. அவள் கண் இரண்டும் குங்குமமாகச் சிவந்திருந்தது. நான் அப்படியே நேரே நின்று கையை விரித்தேன். வெட்கம் விட்டுச் சொல்கிறேன், டேப் என்னைச் சுற்றி வரக் கொஞ்சம் கஷ்டப்பட்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, அடுத்து நிற்கப் போவது அவர்கள்தானே.

செய்தி ஊருக்குள் போனது. பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக வந்தார்கள். அளவு கொடுத்தவர்கள் திரும்பிப் போகவில்லை. நேரம் எப்படியும் நிற்கிறது, வீட்டுக்குப் போனால் இன்னொரு பானை தேய்க்கத் தோன்றும். லில்லிபாய் வெட்டினாள், தையல் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டு மெஷினைத் தலையில் தூக்கி வந்து மதிலோரம் போட்டு ஓட்டினார்கள், தெரியாதவர்கள் ஊசியை எடுத்து மடிப்புத் தைத்தார்கள், கண் சரியில்லாதவர்கள் கொக்கி எண்ணிக் கொடுத்தார்கள். வீடுகளில் கரண்டி ஆண்கள் கைக்குப் போனது. என் வீட்டுக்காரர் உருட்டிய முந்திரிக்கொத்தை உடைக்கப் பிறகு அம்மிக்குழவி வேண்டியிருந்தது, ஆனாலும் அவர் உருட்டினார், அதுதான் பெரிது. மதில் நெடுக வெயிலில் உட்கார்ந்து ஐம்பது பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தைத்த அந்தச் சாயங்காலத்தைப் போல ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமாக லில்லிபாய் தனியாகச் செய்த வேலை என்னவென்று அன்றைக்குத்தான் எங்கள் விரல் நுனிக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் ஊசி குத்தியிருந்தது.

ஐம்பத்தேழாவது ஜாக்கெட் என்னுடையது. லில்லிபாயே கொக்கி வைத்து, கையை நீட்டிப் பார்க்கச் சொன்னாள். அம்சமாக இருந்தது. முழங்கை வரைக்கும் தளர்வாக, நினைத்தது போலவே வந்திருந்தது. லில்லிபாய் வாசலில் போய் நின்று, “தீந்தாச்சு ஆண்டவரே. விடும்” என்றாள்.

சூரியன் அசையவில்லை.

“தீந்தாச்சு!” என்று இன்னொரு தடவை சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. ஜெபஷீலா ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். நான் சங்கத்து ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொருத்தியும் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். ஐம்பத்தேழு பேர். ஐம்பத்தெட்டாவது பெயரை வாசித்தேன்: லில்லிபாய்.

தூக்கிக் காட்ட அவள் கையில் ஒன்றும் இல்லை.

“ஒனக்க துணி எங்க லில்லி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அது ஒங்க கையில இருக்கு மைனி.”

நான் என் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் தளர்வாக இறங்கியிருந்த அந்த இரண்டு கைத் துணியையும் பார்த்தேன். என் துணியில் அது வந்திருக்கவே முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஒருத்தி, “போன வருஷ நீலத்துலயும் நீ கறுப்பு ஜாக்கெட்டுதானே போட்டிருந்த?” என்று மெதுவாகக் கேட்டாள். அந்த வருஷமும் யாருக்கோ துணி பற்றாமல் போயிருக்கும். எவளுக்கு என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை.

நான் அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன். “இந்தக் கைய இப்பவே பிரிக்கேன்.”

லில்லிபாய்க்கு வந்ததே கோபம்! “தொடாதீங்க மைனி! நான் தச்சதப் பிரிச்சா பின்ன நான் எந்த மூஞ்சியோட மெஷின்ல இருக்கது? எனக்க பழசு இருக்கு, அது போதும்.”

“ஒனக்குப் போதும். சூரியனுக்குப் போதல்லியே” என்றார் வாசலில் நின்ற போதகர். அவர் கையிலும் மாவு ஒட்டியிருந்தது.

ஜெபஷீலாதான் வெட்டுத்துணிச் சாக்கைக் கவிழ்த்தாள். ஐம்பத்தேழு ஜாக்கெட்டிலும் கழுத்து வெட்டியது, அக்குள் வெட்டியது, ஓரம் வெட்டியது, எல்லாம் தரையில் குவிந்தது. எல்லாம் வைன் கலர். வேறு வேறு துணியாக இருந்தால் ஒட்டுத் தெரியும். இது எல்லாம் ஒரே துணி. நான் கூட்டம் போட்டு இழுத்ததில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொருத்தியும் தன் ஜாக்கெட்டிலிருந்து விழுந்த துண்டு எது என்று தேடவில்லை, கையில் வந்ததை எடுத்துப் பக்கத்துத் துண்டோடு சேர்த்துத் தைத்தாள். லில்லிபாய் மெஷினை நோக்கிப் போனாள். ஜெபஷீலா அவளைத் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். “நீ நேர இரி அம்மா. கைய விரி” என்று டேப்பை எடுத்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளை யாரும் அளவெடுத்துப் பார்த்ததில்லை. அவள் கூச்சத்தில் சின்னப் பிள்ளை மாதிரி நெளிந்தாள்.

ஜாக்கெட் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, மோசமாகத்தான் வந்தது. முதுகு ஒரு பக்கம் ஏறியிருந்தது. இரண்டு கையையும் வைத்தது நான். துண்டு பற்றாமல் இரண்டும் சிறுத்துவிட்டன. அவள் போட்டுப் பார்த்துவிட்டு, “மைனி, இந்தக் கைய மட்டும் நான் ஒருக்கா…” என்று ஆரம்பித்தாள். ஐம்பத்தேழு பேரும் சேர்ந்து, “வாய மூடு!” என்றோம். நான் கடைசிக் கொக்கியை மாட்டினேன்.

மாட்டினதுதான் தாமதம், தென்னையிலிருந்து நெற்று விழுகிற மாதிரி சூரியன் ஒரேயடியாகக் கீழே போனது. அந்தி கூட இல்லை. இருட்டு. கோழிகள் ஓடிக் கூட்டுக்குள் புகுந்தன. ஊரில் இருந்த அத்தனை ஸ்டாரும் எரிந்துகொண்டுதான் இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது, என் வீட்டு ஸ்டார் ஒன்றைத் தவிர. முந்திரிக்கொத்து மும்முரத்தில் என் வீட்டுக்காரர் அதை அணைத்து வைத்திருந்தார். மாவுக் கையோடு அவர் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட, மேலக்கரை வரைக்கும் அது தெரிந்தது என்று பிறகு அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

விடியற்காலை எங்களுக்கு இருபத்தைந்து, மேலக்கரைக் காலண்டரில் இருபத்தெட்டு. நடுவில் போன மூன்று நாளை எங்கள் ஊரில் யாரும் தேடவில்லை. கிறிஸ்மஸுக்கு அடுத்து வருகிற மூன்று நாளை, பாத்திரம் கழுவுகிறவள் எவளும் தேட மாட்டாள். அந்த ஜாக்கெட்டை லில்லிபாய் இன்றைக்கும் பிரித்துச் சரி செய்யவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அதைத்தான் போடுகிறாள். நாங்களும் இப்போதெல்லாம் டிசம்பர் முதல் வாரமே போய் நின்று கையை விரித்துவிடுகிறோம், கொக்கியும் மடிப்பும் நாங்களே தைத்துவிடுகிறோம். எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கடைசிக் கொக்கி வரைக்கும் எல்லோருக்கும் தைத்து முடித்துவிட்டுத்தான் ஆண்டவரை வரச் சொன்ன ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான்.

அன்றைக்குக் கோயிலில் மணி அடிக்கும் முன்பே லில்லிபாய் முன் பெஞ்சில் இருந்தாள், நான் அவளுக்குப் பக்கத்தில். பின்னால் ஐம்பத்தாறு வைன் கலர் சேலைகள். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்ததும் ஜெபஷீலா ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறக்கும் முன் முன் பெஞ்சைப் பார்த்தாள். அம்மா இருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பாடினது கோயில் கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

லில்லிபாய்க்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, புதுச்சேலையில் சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினாள். நான் தைத்த கை அது, முழங்கைக்கு மேல் எழும்பவில்லை. மற்றக் கையைத் தூக்கினாள், அதுவும் எழும்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் துடைத்துவிட்டேன். எனக்குக் கை நன்றாகத் தூக்க வந்தது. அவள் துணியில் அவள் தைத்த கை அல்லவா.